கொசுறுக்கு நின்ன நாச்சிமுத்து

ஒரு ஊரு இருந்துச்சாம் கண்ணு. கெழக்கால கரடுன்னு ஒரு மொட்டைக் குன்று, மேக்கால ஓடை, நடுவால பெரிய சந்தைப்பேட்டை. அந்த ஊருல நாச்சிமுத்துன்னு ஒருத்தன் இருந்தானாம். அவனுக்கு ஒரு கெணறு, ஒரு சோடி காளை, சின்ன வெங்காயம் வெளையுற ஒரு தோட்டம், பூவாத்தான்னு வாயும் வேலையும் சரிக்குச் சரியா இருக்கிற ஒரு பொண்டாட்டி. நல்லவன்தான். குடிக்க மாட்டான், சூதாட மாட்டான், ஒருத்தரை ஒரு சொல்லு சொல்ல மாட்டான். அவனுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு கிறுக்கு, கொசுறுக் கிறுக்கு.

கொசுறு தெரியுமில்ல? கத்திரிக்கா வாங்கிப் பையில போட்டப்பொறவு கடைக்காரி மேல ரெண்டு கொத்து கருவேப்பிலை போடுவாளே, அது. காசு குடுக்காம வர்றது. எல்லாருக்கும் அது கொஞ்சம் இனிக்கும், எனக்கும் இனிக்கும், பொய் சொல்லுவானேன். ஆனா நாச்சிமுத்துக்கு அது சோத்தை விட இனிச்சுது.

அதுக்குத் தோதா அந்த ஊருக்கு ஒரு ராஜாவும் வாச்சாரு. அவரு எளவரசரா இருக்கையில மாறுவேசம் போட்டுக்கிட்டுச் சந்தைக்குப் போயி, கத்திரிக்கா வாங்கிட்டு, 'ஆத்தா, கொஞ்சம் கருவேப்பிலை போடுங்க'ன்னு கேட்டாராம். அந்தக் கடைக்காரி அவரை ஏற எறங்கப் பாத்துட்டு, 'வாங்குனது நாலு கத்திரிக்கா, இதுக்குக் கொசுறு வேறயா'ன்னுட்டாளாம். அது அவரு மனசுலயே கெடந்துச்சு. பட்டத்துக்கு வந்ததும் மொத வேலையா என்ன பண்ணுனாரு? சண்டைக்குப் போகல, கோயில் கட்டல. சந்தையில தண்டோரா போட்டாரு. 'வாங்குனவங்க கொசுறு கேட்டா இல்லேன்னு சொல்லக் கூடாது, சொன்னா அன்னைக்குக் கடையில இருக்கிற சரக்கெல்லாம் அரமணைக்கு.' ராஜாவும் மனுசன்தானே சாமி, அவருக்கும் உறுத்தும்.

அந்தத் தண்டோராவைக் கேட்டதுல இருந்து நாச்சிமுத்துவைக் கையில பிடிக்க முடியல. சந்தை நாளுன்னா விடியறதுக்குள்ள பையைத் தூக்கிக்குவான். ஒரே கடையில மொத்தமா வாங்க மாட்டான். ஒரு கடையில ஒரு கத்திரிக்கா, ஒரு கொசுறு. அடுத்த கடையில ஒரு பீர்க்கங்கா, ஒரு கொசுறு. அதுக்கடுத்த கடையில ஒரு முருங்கைக்கா, ஒரு கொசுறு. இப்படியே சந்தையைச் சுத்திச் சுத்தி வந்து, பொழுது சாய வீட்டுக்கு வந்து, பையை நடு வீட்டுல கவுத்துவான்.

'பாத்தியா பூவா, அத்தனையும் சும்மா வந்தது.'

பூவாத்தா கெளறிப் பாப்பா. கருவேப்பிலை கெடக்கும், கொத்தமல்லி கெடக்கும், ஒடஞ்ச இஞ்சி கெடக்கும், அப்பறம் மறுபடியும் கருவேப்பிலை கெடக்கும். 'ஏனுங்க மாமா, தாளிக்கிறதுக்கு இருக்குது. கொழம்பு வெக்கிறதுக்கு எங்க இருக்குது?'

'சும்மா வந்ததைக் கொறை சொல்லாத.'

'சும்மா வரலீங்க. விடியறதுக்கு முந்திப் போன மனுசன் இப்பத்தான் வர்றீங்க. தண்ணி பாய்ச்சுனது நானு, களை எடுத்தது நானு, காளைக்குச் சோளத்தட்டு போட்டது நானு.'

'அதுக்கெல்லாம் காசா குடுத்தோம்?'

பூவாத்தா எந்திரிச்சுப் போனா. அம்மியில மொளகாயை வெச்சு அரைச்சா. கொஞ்சம் பலமாவே அரைச்சா.

இது இப்படி இருக்க, அந்தச் சந்தையில மாரப்பன்னு ஒரு வெங்காய யாவாரி இருந்தான். சந்தையிலயே பெரிய கடை அவனுதுதான். ராஜா தண்டோரா போட்டதும் மத்த கடைக்காரங்க எல்லாம் மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுக் கொசுறு குடுத்தாங்க. மாரப்பன் மட்டும் சிரிச்சான். அவன் மூளை அப்படி. கொசுறு கேட்டு யாரு வந்தாலும் அவன் இல்லேன்னே சொல்ல மாட்டான். என்ன சொல்லுவான்? 'தர்றேன், இருங்க'ன்னு சொல்லுவான். மத்தவங்க கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிருவாங்க. நாச்சிமுத்து போவானா? பேருக்கு ஒரே ஒரு வெங்காயத்தை வாங்கிட்டு நிப்பான்.

'மொதலாளி, கொசுறுங்க.'

'தர்றேன் நாச்சிமுத்து, இரு. சும்மாதானே நிக்கிறே, அந்த மூட்டைய இப்படி நகத்தி வெய்யி.' நாச்சிமுத்து நகத்தி வெச்சான். 

'மொதலாளி, கொசுறுங்க.'

'தர்றேன், இரு. சும்மாதானே நிக்கிறே, என்ற காளைங்களை ஓடைக்கு ஓட்டிட்டுப் போயித் தண்ணி காட்டிட்டு வந்திரு.' தண்ணி காட்டிட்டு வந்தான். 

'மொதலாளி, கொசுறுங்க.'

'அட, மறப்பனா? இரு. சும்மாதானே நிக்கிறே, கடையக் கூட்டிரு.' கூட்டுனான். அதுக்குள்ள பொழுது சாஞ்சு போச்சு. அப்பத்தான் மாரப்பன் ஒரு கை வெங்காயத்தை அள்ளி அவன் பையில போட்டான். அதுவும் நல்ல வெங்காயமில்ல, சொத்தையும் சருகும்.

வெங்காயந்தான் அவன் தோட்டத்துலயே வெளையுதேன்னு கேக்குறியா? நீ கேட்டுட்டே, அவனுக்குத் தோணல பாரு. பூவாத்தாவும் அதையேதான் கேட்டா. 'நம்ம தோட்டம் பூராவும் வெங்காயமா நிக்குது மாமா. இதை எதுக்குச் சொமந்துக்கிட்டு வந்தீங்க?'

'அது நாம பாடுபட்டு வெளைய வெச்சது பூவா. இது சும்மா வந்தது.' சொல்லிக்கிட்டே முதுகைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தான். மூட்டை தூக்குன முதுகு வலிக்காதா?

இப்படியே சந்தைக்குச் சந்தை போயிக்கிட்டு இருந்துச்சு. மாரப்பன் கடையில கூலிக்காரனை நிறுத்திட்டான். எதுக்குக் கூலிக்காரன்? அதான் கொசுறுக்காரன் இருக்கிறானே.

அப்ப வெங்காயம் முத்துற காலம் வந்துச்சு. தாளெல்லாம் சாஞ்சு பழுத்துப் போச்சு. மேக்க மேகம் கருக்க ஆரம்பிச்சுருச்சு. முத்துன வெங்காயம் மழையில நனைஞ்சா என்ன ஆகும்? அழுகி நாறிப் போகும். அது அழுகுனா அந்த வருசம் அவங்களுக்குக் கஞ்சி இல்ல, காளைகளை வித்துத்தான் திங்கோணும். பூவாத்தா அவன்கிட்ட ஓடி வந்தா.

'மாமா, இன்னைக்கே ஆளு வெச்சுப் பிடுங்கீரலாமுங்க. நம்மூருப் பொம்பளைங்க சும்மா இருக்கிறாங்க, கூப்பிட்டா வந்துருவாங்க.'

'நம்மூருல ஒரு படி கம்பு கூலி கேக்குறாங்க பூவா. கரட்டுக்கு அந்தப் பக்கம் முக்காப் படிக்கே வர்றாங்களாம்.'

'கரடு ஏறி எறங்கோணுமேங்க.'

'நடக்கிறதுக்குக் காசா கேக்குறாங்க?'

கெளம்பிட்டான். கரடு ஏறுனான், எறங்குனான், வெய்யில்ல நாக்கு வறண்டு போயி அந்த ஊருக்குப் போயிச் சேந்தான். அங்க இருந்த பொம்பளைங்ககிட்ட, 'முக்காப் படி தர்றேன், வெங்காயம் பிடுங்க வர்றீங்களா'ன்னு கேட்டான். அதுல ஒருத்தி சொன்னா, 'வர்றோமுங்க. ஆனா நடந்து வந்து நடந்து போறதுலயே பாதிப் பொழுது போயிருமுங்க. முக்காப் படிக்கு அரை நாளு வேலைதான் செய்வோம்.'

நாச்சிமுத்து என்ன நெனைச்சான் தெரியுமா? 'என்ன இது, நடக்கிறதுக்குப் போயிக் கணக்குப் பாக்குறாங்களே, வெவரங்கெட்ட சனம்'னு நெனைச்சுக்கிட்டு வெறுங்கையோட திரும்பி வந்தான். வெவரங்கெட்டது யாருன்னு நீங்களே சொல்லிக்கோங்க, என் வாயால வேண்டாம்.

அவன் வந்து சேர்றதுக்குள்ள உள்ளூருப் பொம்பளைங்களை மத்த தோட்டக்காரங்க கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. எல்லாரும் பிடுங்கி முடிச்சு, வெளியூரு வண்டிக்கு வித்தும் போட்டாங்க. ஊருலயே பிடுங்காத தோட்டம் நாச்சிமுத்து தோட்டம் மட்டுந்தான். பூவாத்தா அன்னைக்கு அவன்கிட்டச் சண்டை போடல. தனியாப் போயி ஒரு பாத்தியப் பிடுங்கிட்டு, வரப்புல உக்காந்து அழுதா. நாச்சிமுத்துக்கு அவ திட்டுனா தாங்கும், அழுதா தாங்காது. பக்கத்துல போயி நின்னான், திரும்பி வந்துட்டான்.

மறுநாளு சந்தை. மானம் இன்னும் கருத்துப் போச்சு. அப்படியும் நாச்சிமுத்து கை பையைத் தேடுது. கிறுக்குன்னா சும்மாவா? பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வாசப்படி தாண்டுறான், எதுக்கால மாரப்பனே வர்றான். பின்னால மூணு வண்டி, வண்டியோட அவன் வீட்டு வேலையாளுங்க.

என்னன்னா, அரமணையில ராஜா மகளுக்குக் கல்யாணம். உச்சிப் பொழுதுக்குள்ள மூணு வண்டி வெங்காயம் வந்து எறங்கோணும்னு அரமணைச் சமையக்காரரு மாரப்பன்கிட்டச் சொல்லி வெச்சிருந்தாரு. இவன் கூடுதல் வெலை கெடைக்குதுன்னு கடைச் சரக்கை எல்லாம் வெளியூருக்கு வித்துட்டான். இப்ப ஊரெல்லாம் தேடுறான், எங்கயும் வெங்காயம் இல்ல. இருக்கிறது நாச்சிமுத்து தோட்டத்துல, அதுவும் மண்ணுக்குள்ள.

அவசரத்துல இருக்கிறவன் அவசரத்தைக் காட்டுனானா? காட்டல. மானத்தைப் பாத்தான், தோட்டத்தைப் பாத்தான். 'என்ன அம்மிணி, மழை வந்துரும் போல இருக்குதே. பாவமேன்னு நான் எடுத்துக்கறேன். பாதி வெலை.'

பூவாத்தா அரமணைக் கல்யாணத்தைக் கேள்விப்பட்டிருந்தா. வண்டியப் பாத்ததும் புரிஞ்சுக்கிட்டா. 'முழு வெலைங்க. சம்மதம்னா அச்சாரம் குடுத்துட்டுப் பிடுங்கிக்கோங்க.'

அச்சாரம்னா வாங்கறது உறுதின்னு முன்னாடி குடுக்கிற காசு. அதைக் குடுத்துட்டா வெலையைக் கொறைக்க முடியாதே. மாரப்பன் குடுப்பானா? 'அச்சாரம் எங்க போகுது, வெலையப் பேசலாம்'னான். பேசுனான், பேசுனான், அவ எறங்கல. சரி, வெலைதான் எறங்கல, வேற எதாவது தேத்தலாம்னு கேட்டான், 'கொசுறு எவ்வளவு?'

அவன் அப்படிக் கேக்கையில கண்ணு ரெண்டும் மின்னுச்சு. பூவாத்தாவுக்கு அந்த மினுக்கம் நல்லாத் தெரியும். கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அதைத்தானே பாத்துக்கிட்டு இருக்கிறா.

'ராஜா உத்தரவு, இல்லேன்னு சொல்லுவேனுங்களா? வாங்குறவங்களுக்குக் கொசுறு உண்டு. தர்றேன், இருங்க. சும்மாதானே நிக்கிறீங்க, அந்தப் பாத்தியப் பிடுங்குங்க. நீங்க பிடுங்குற பாத்திக்கு ஒரு வள்ளம் கொசுறு.'

வள்ளம்னா படியை விடப் பெரிய அளவு. மாரப்பன் கணக்குப் போட்டான். எப்படியும் பிடுங்கத்தான் போறோம், பிடுங்குனா பாத்திக்கு ஒரு வள்ளம் சும்மா வருது, அதுக்குள்ள மழையும் கிட்ட வந்துரும், வெலையும் எறங்கிரும். நல்ல கணக்குத்தானே? வேட்டிய மடிச்சுக் கட்டுனான். ஆளுங்களையும் எறக்குனான். ஒரு பாத்தி பிடுங்குனாங்க. 'அம்மிணி, ஒரு வள்ளம்.'

'ஆமாங்க, ஒரு வள்ளம். அடுத்த பாத்தி.'

'அம்மிணி, ரெண்டு வள்ளம்.'

'ஆமாங்க, ரெண்டு வள்ளம். அடுத்த பாத்தி.'

'அம்மிணி, மூணு வள்ளம்.'

'கணக்கை நீங்களே வெச்சுக்கோங்க, எனக்கு வேலை இருக்குது.'

அவனோட ஆளு ஒருத்தன் சொல்லிப் பாத்தான், 'மொதலாளி, பொழுது ஏறுதுங்க, அரமணைக்கு நேரமாச்சுங்க.' 'இருடா, இன்னும் ஒரு பாத்தி, இன்னொரு வள்ளம்'னான். தாள் அறுத்தாங்க, மண்ணு ஒதறுனாங்க, தோட்டத்துச் சாளைக் கொட்டகையில கொண்டு போயிக் குமிச்சாங்க. தோட்டம் பூராவும் சுத்தமாச்சு. மாரப்பன் கடைசிக் கூடைய எறக்கி வெச்சுட்டு, 'இப்ப வெலையச் சொல்லு அம்மிணி, முக்கா வெலைன்னா எடுத்துக்கறேன்'னான்.

நாச்சிமுத்து அத்தனை நேரமும் தோள்ல பையோட வேலியோரமா நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். பாக்கப் பாக்க அவனுக்கு என்னமோ செஞ்சுது. சந்தையிலயே பெரிய யாவாரி, முழங்கை வரைக்கும் மண்ணு, மூஞ்சியெல்லாம் வேர்வை, முதுகைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான், வாயெல்லாம் பல்லு. எதுக்கு? கொசுறுக்கு. இந்த மூஞ்சிய எங்கயோ பாத்திருக்கமேன்னு நெனைச்சான். அப்பறம் புரிஞ்சுது, பாக்கலடா, நாமதான் அதைப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சோம்னு. அவனுக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. வெக்கம்னா வெக்கம், அப்படி ஒரு வெக்கம்.

அந்த நேரம் பாத்துக் குதிரை வண்டி வந்து நின்னுச்சு. அரமணைச் சமையக்காரரு எறங்கி ஓடி வர்றாரு. 'மாரப்பா, அடுப்பு எரியுது, அண்டா காயுது, வெங்காயம் எங்கய்யா?'

'இதோங்க சாமி, வெலைதான் பேசிக்கிட்டு இருக்கிறேன்.'

'இன்னுமா பேசுறே? யாரோட வெங்காயம் இது?'

நாச்சிமுத்து முன்னால வந்தான். 'எங்களுதுங்க.'

'அச்சாரம் வாங்கிட்டீங்களா?'

'இல்லீங்க.'

'அப்ப நான் எடுத்துக்கறேன். முழு வெலை, கையோட காசு.'

மாரப்பன் நாச்சிமுத்துவைத் தனியா இழுத்துக்கிட்டுப் போனான். காதுக்குள்ள சொன்னான், 'நாச்சிமுத்து, முக்கா வெலைக்கு எனக்குக் குடு. அப்பறம் என்ற கடைக்கு நீ எப்ப வந்தாலும், ஆயுசுக்கும் கொசுறு.'

ஆயுசுக்கும் கொசுறு. யோசிச்சுப் பாரு கண்ணு. பத்து நாளைக்கு முன்னாடி கேட்டிருந்தா அந்த வார்த்தைக்குத் தோட்டத்தையே எழுதிக் குடுத்திருப்பான். பூவாத்தா அங்கிருந்து பாக்குறா, இந்த மனுசன் என்ன சொல்லப் போறானோன்னு. நாச்சிமுத்து தோள்ல இருந்த பையைக் கழட்டுனான். மாரப்பன் தோள்ல மாட்டி விட்டான். 'வேண்டாமுங்க மொதலாளி. ஆயுசுக்கும் நிக்கிறதுக்குக் கால்ல பலம் இல்லீங்க'ன்னான்.

பூவாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. சிரிச்சாளா அழுதாளா தெரியல, ரெண்டுந்தான்னு வெய்யி.

நாச்சிமுத்துவும் பூவாத்தாவும் வண்டி கட்டி, வெங்காயத்தை ஏத்தி அரமணைக்குக் கொண்டு போனாங்க. கடைசி மூட்டை உள்ள போகவும் மழை சோன்னு ஊத்தவும் சரியா இருந்துச்சு. ஆனா மாரப்பன் விட்டானா? நனைஞ்சுக்கிட்டே ராஜாகிட்ட ஓடுனான். 'மகாராஜா, இவங்க உங்க உத்தரவை மீறிட்டாங்க. ஒரு தோட்டமே பிடுங்கிக் குடுத்தேன், கொசுறு குடுக்கல.'

ராஜாவுக்குக் கொசுறுன்னா கோவம் வந்துருமே. 'என்னம்மா, நெசமா?'

பூவாத்தா சொன்னா, 'கொசுறு இல்லேன்னு நான் சொல்லவே இல்லீங்க சாமி. வாங்குனவங்களுக்குத்தானுங்களே கொசுறு? இவரு என்ன வாங்குனாருன்னு கேளுங்க.'

ராஜா கேட்டாரு. மாரப்பன் கால் வெரலைப் பாத்தான்.

'சரி, வாங்கல. ஆனா வேலை செஞ்சிருக்கிறானே, அதுக்குக் கூலி வேணுமில்ல? மாரப்பா, உன் கடையில காலையில இருந்து பொழுது சாய நின்னு வேலை செஞ்சா என்ன குடுப்பே?'

மாரப்பனை முந்திக்கிட்டு நாச்சிமுத்து சொன்னான், 'ஒரு கை வெங்காயமுங்க சாமி. சொத்தை.'

ராஜா சிரிச்ச சிரிப்புல கல்யாணப் பந்தலே அதிர்ந்துச்சாம். 'அவன் வழக்கப்படியே குடுத்துருங்க'ன்னாரு. பூவாத்தா பொறுக்கிப் பொறுக்கிச் சொத்தையா ஒரு கை எடுத்து மாரப்பன் தோள்ல தொங்குன பையில போட்டா. அவன் கூட்டிக்கிட்டு வந்த ஆளுங்க பாவம், அவங்களுக்கு நல்ல வெங்காயமா ஆளுக்கு ஒரு வள்ளம் அளந்து குடுத்தா. அவங்க கூலியையும் மாரப்பனே குடுக்கோணும்னு ராஜா சொல்லிட்டாரு.

அப்பறம் ராஜா யோசனையாயிட்டாரு. 'நாச்சிமுத்து, நான் போட்ட உத்தரவாலதான் இத்தனையும். எடுத்துறட்டுமா?'

'வேண்டாமுங்க சாமி. கருவேப்பிலை கேட்டாக் குடுக்கட்டும். பையை நீட்டுற நேரத்துல விழுந்தா அது கொசுறுங்க. அதுக்கு மேல நின்னு வாங்குனா அது கூலி. கூலின்னு தெரிஞ்சா எவனும் அந்த வெலைக்கு நிக்க மாட்டானுங்க.'

ராஜா அதையும் தண்டோராவுல சேத்துப் போடச் சொன்னாரு.

அப்பறம் நாச்சிமுத்து சந்தைக்குப் போகலையா? போனான். பையை நீட்டுவான், விழுந்தா வாங்கிக்குவான், விழலைன்னா வந்துருவான், வெய்யில் ஏறுறதுக்குள்ள தோட்டத்துல இருப்பான். ஆனா ஒரு தரம், வெங்காயக் காசுல கறவை எருமை வாங்க மாட்டுச் சந்தைக்குப் போனாங்க ரெண்டு பேரும். துண்டைப் போத்தி, துண்டுக்குள்ள வெரலைப் பிடிச்சு வெலை பேசுவாங்களே, அந்த மாதிரி பேச உக்காந்தான். காலையில உக்காந்தவன் எந்திரிக்கல. தரகரு சலிச்சுப் போயி பூவாத்தாகிட்ட, 'அம்மிணி, உன்ற வீட்டுக்காரரு இப்பத்தான் திருந்திட்டாருன்னு சொன்னாங்க, இன்னைக்கும் இப்படி உக்காந்துட்டாரே, கூட்டிக்கிட்டுப் போ'ன்னாரு.

பூவாத்தா தூக்குப்போசியத் தொறந்து, வெரலைப் பிடிச்சுக்கிட்டு இருந்த புருசன் வாயில ஒரு வாய் சோறு ஊட்டி விட்டா. 'பேசட்டுமுங்க. அது கருவேப்பிலை, இது எருமை'ன்னா. பொழுது எறங்கையில வெலையும் எறங்குச்சு. எறங்குன காசு, அடுத்த வெங்காயத்துக்கு உள்ளூருப் பொம்பளைங்களுக்கு ஒரு படிக் கூலி குடுக்கப் போதுமா இருந்துச்சு. எருமையை முன்னால விட்டுட்டு, ரெண்டு பேரும் பேசிச் சிரிச்சுக்கிட்டு வீட்டுக்கு நடந்தாங்களாம்.

அவ்வளவுதான் சாமி. காசை மிச்சம் பண்ணு, வேண்டாங்கல. பண்றதுக்கு முந்தி உன் பொழுதையும் ஒரு காசா எண்ணிக்க. அவங்க வீட்டு அடுப்புல எருமைப்பால் பொங்குச்சு, நம்ம வீட்டுல கதை அடங்குச்சு, கண்ணை மூடுங்க.